ஒரு சாண் டியூபும் ஒப்பேத்துற புத்தியும்

எங்க பில்டிங் வாட்ச்மேன் பீகார்க்காரர். நெருல் பக்கம் மழைக்காலம் வந்துட்டா, ஸ்டில்ட் பார்க்கிங்ல கொசு ஆளையே தூக்கிட்டுப் போயிடும். அதனால ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு கொசுவர்த்தியைக் கொளுத்தி, பிளாஸ்டிக் நாற்காலிக்கு அடியில வெச்சுக்கிட்டு உக்காருவார். அவர் நாற்காலிக்கும் என் வண்டியோட பின்சக்கரத்துக்கும் நடுவுல பத்தடி இருந்தா அதிகம்.

2025 ஆகஸ்ட். கடைக்குப் போயிட்டு நானும் பொண்ணும் திரும்பி வந்து வண்டியை நிறுத்துறோம். "அப்பா, பெட்ரோல் பங்க் வாடை வருது"ங்கிறா. "எவனாவது பைக்குக்கு ஊத்தியிருப்பான், வா"ன்னுட்டு லிஃப்ட் பக்கம் நடந்துட்டேன். அவ வரல. செல்போன் டார்ச்சை அடிச்சு வண்டிக்கு அடியில குனிஞ்சு பாக்குறா. "அப்பா, இங்க ஒழுகுதுப்பா."

தரையில சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஈரம். மேலேருந்து ஒவ்வொரு சொட்டா விழுது. மழைத்தண்ணி இல்ல, வாடையே சொல்லுது. "கொசுவர்த்தியை அணைங்க"ன்னு கத்தினேன். மனுஷன் பதறிப்போய், கொசுவர்த்தியைக் கையில தூக்கிக்கிட்டே "க்யா ஹுவா சாப்?"னு வண்டிகிட்ட ஓடி வந்தார். அந்த அஞ்சு செகண்டை இப்ப நினைச்சாலும் அடிவயிறு கலங்குது. கொசுவர்த்திக் கனல் பெட்ரோல் ஆவியைப் பத்த வைக்காமலும் போகலாம். ஆனா அதைக் கொளுத்த உரசுற தீக்குச்சி கண்டிப்பா பத்த வைக்கும். பத்து நிமிஷத்துக்கு முன்னாடிதான் உரசியிருக்கார். மேல ஏழு மாடி, 28 வீடு.

பொண்ணை வெளிய அனுப்பிட்டு, வண்டியை ஸ்டார்ட் பண்ணாம நியூட்ரல்ல போட்டு, நாலு பேரா திறந்தவெளிக்குத் தள்ளிட்டுப் போனோம். ஈரத்து மேல மணலைக் கொட்டினோம். அதோட அன்னிக்கு முடிஞ்சுது. ஒண்ணும் ஆகல. ஒண்ணும் ஆகாததுனாலதான் இதை எழுதிக்கிட்டிருக்கேன்.

இப்ப நான் வேற கொசுவர்த்தி ஒண்ணைச் சுத்தணும். மூணு வருஷம் பின்னாடி போகணும்.

வண்டி 2007 மாடல். சின்ன வண்டி. பேர் வேண்டாம், தப்பு வண்டி மேல இல்ல. 2011-ல செகண்ட் ஹேண்டா வாங்கினேன். 2022-ல பதினஞ்சு வருஷம் முடிஞ்சு பதிவைப் புதுப்பிக்க வேண்டி வந்துது. அதுக்கு முன்னாடி ஒரு மெக்கானிக்கிட்ட விட்டேன். அவர் என்னைக் கூப்பிட்டு அடியில காட்டினார். பின்சீட்டுக்குக் கீழ டேங்க்லேருந்து முன்னாடி எஞ்சினுக்குப் போற இரும்புக் குழாய், ஒரு கிளிப் பிடிச்சிருந்த இடத்துல துருப்பிடிச்சுப் பொரிஞ்சிருந்துது. "முழுக் குழாயும் மாத்தணும் சாப், ரெண்டு நாள் ஆகும், ஏழெட்டாயிரம் ஆகும்"னார். அப்புறம் என் மூஞ்சியைப் பாத்தார். "இல்லாட்டி இந்த இடத்தை மட்டும் வெட்டிட்டு ரப்பர் டியூப் போட்டு கிளாம்ப் அடிச்சுடலாம். 350 ரூபாய். சல் ஜாயேகா."

நான் என்ன சொன்னேன்? "இப்போதைக்கு அதைப் பண்ணுங்க, ஓடினா போதும்."

ஆக, மெக்கானிக்கைத் திட்டி எழுதப் போறேன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். அவர் உண்மையைச் சொன்னார். அந்த ஒரு சாண் டியூபை விலை கொடுத்து வாங்கினது நான். நான் சண்டை போடப் போறது அந்த "இப்போதைக்கு"ங்கிற வார்த்தையோட. அதைத் தினம் சொல்ற நம்ம எல்லாரோடயும்.

மறு ஞாயித்துக்கிழமை நண்பர்கள் கூடின இடத்துல நடந்ததைச் சொன்னேன். முழுசா மாத்தப் போறேன்னும் சொன்னேன். ஆறுதல் சொல்லுவாங்கன்னு பாத்தா, பட்டிமன்றமே நடந்துபோச்சு. ஒவ்வொண்ணா வரேன்.

"ஏல தம்பி, நாப்பதாயிரம் போற வண்டிக்கு ஒம்பதாயிரம் செலவு பண்ணுவானா ஒருத்தன்?"

இது எங்க அண்ணாச்சி. தூத்துக்குடிக்காரர், செம்பூர்ல முப்பது வருஷமா இருக்கார், கணக்குல புலி. அண்ணாச்சி, உங்க மேல மரியாதை இருக்கு, ஆனா கணக்கு தப்பு. நான் வண்டியோட மதிப்பை ஏத்துறதுக்கு ஒம்பதாயிரம் கொடுக்கல. வண்டிக்குள்ள உக்காந்திருக்கிற நாலு பேருக்கும், வண்டி நிக்கிற இடத்துக்கு மேல தூங்குற 28 வீட்டுக்கும் கொடுக்கிறேன். வண்டி பழசாச்சுன்னா பெட்ரோல் பழைய விலைக்கு எரியுமா? நாப்பதாயிரம் ரூபாய் வண்டியில பிடிக்கிற தீயும் நாப்பது லட்ச ரூபாய் வண்டியில பிடிக்கிற தீயும் ஒரே சூடுதான்.

ஒம்பதாயிரம் கட்டுப்படியாகலன்னா அதுவும் ஒரு நேர்மையான பதில்தான். வண்டியை முறைப்படி ஸ்கிராப்புக்குக் கொடுத்துட்டு லோக்கல் ட்ரெயின்ல போகலாம். ரிப்பேர் பண்ணு, இல்ல நிறுத்து, இந்த ரெண்டுதான் வழி. ஒப்பேத்தி ஓட்டுறதுன்னு மூணாவதா ஒண்ணு கிடையாது.

"சொட்டுதானே, ஓடையா ஓடுது?"

இதுதான் இருக்கிறதுலேயே ஆபத்தான வாதம். நானே நம்பிக்கிட்டிருந்தேன். கார்புரேட்டர் காலத்து வண்டியில குழாய்ல அழுத்தம் ரொம்பக் கம்மி. இஞ்செக்‌ஷன் வண்டி அப்படி இல்ல. டேங்க்குக்கு உள்ளயே ஒரு மின்சார பம்ப் உக்காந்து, வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறினாலும், சுமார் 3 பார் அழுத்தத்துல பெட்ரோலைத் தள்ளுது. நம்ம டயர்ல அடிக்கிற காத்துக் கணக்குல சொன்னா 43 பிஎஸ்ஐ. டயர்லயே 30-க்குக் கொஞ்சம் மேலதான் இருக்கும். டயரை விட அதிக அழுத்தத்துல, குண்டூசி ஓட்டை வழியா பெட்ரோல் வருதுன்னு யோசிங்க.

அதாவது வண்டி நிக்கும்போது நீங்க பாக்குற சொட்டு, பம்ப் நின்ன பிறகு மிச்சமிருக்கிற அழுத்தத்துல வர்றது. ஓடும்போது அது பீய்ச்சல், பனி மாதிரி தெறிக்கும். பக்கத்துலயே புகைக்குழாய் போகுது, அதுல இருக்கிற கேட்டலிடிக் கன்வெர்ட்டர் பல நூறு டிகிரியில கொதிக்குது. ஓடுற காத்துல அடிச்சிக்கிட்டுப் போறதுனால வாடை நமக்குத் தெரியாது. சிக்னல்ல நிக்கும்போது லேசா வரும், முன்னாடி நிக்கிற ஆட்டோவைத் திட்டிட்டுக் கண்ணாடியை ஏத்திக்குவோம்.

இன்னொண்ணு. பெட்ரோல் ஆவி காத்தை விட மூணு நாலு மடங்கு கனம். மேல போய்க் கலைஞ்சுடாது, தரையோட தவழும், பள்ளத்துல தேங்கும். மைனஸ் 40 டிகிரி குளிர்லயே பத்திக்கிற அளவுக்கு ஆவி விடுற திரவம் அது. மும்பை வெக்கையில கேக்கணுமா?

"எங்க மெக்கானிக் முப்பது வருஷமா இப்படித்தான் பண்றார்."

பண்ணியிருப்பார். அந்த முப்பது வருஷத்துல முதல் பாதி கார்புரேட்டர் வண்டி. அதுல சாதா ரப்பர் டியூப் தாங்குச்சு. அந்தக் கைப்பழக்கத்தை அப்படியே 3 பார் குழாய்க்குக் கொண்டு வர்றதுதான் கோளாறு. எஞ்சினை அணைச்சுட்டுப் பாத்தா அவர் போட்ட இணைப்பு காஞ்சுதான் இருக்கும். கையை எடுத்துக் கும்பிட்டுட்டு வந்துடுவோம்.

என் வண்டியில போட்டிருந்த டியூபை 2025-ல கழட்டிக் கையில வாங்கிப் பாத்தேன். மேல ஒரு எழுத்து அச்சடிக்கல. என்ன ரப்பர், எவ்வளவு தாங்கும், எதுவும் கிடையாது. விரலால வளைச்சா குறுக்கு மறுக்கா வெடிப்பு. கிளாம்ப் என்னன்னா, திருகினா இறுகுற, பட்டையில பல்லு வெட்டின சாதா கிளாம்ப். அந்தப் பல்லு ரப்பரைக் கடிச்சு ரெண்டு இடத்துல பாதி ஆழம் வெட்டியிருந்துது. இரும்புக் குழாயை ஹேக்சாவால வெட்டின முனை அப்படியே பிசிறோட இருந்துது. முனையில புடைப்பு ஏதும் இல்லாததால டியூப் நழுவாம இருந்தது அந்தக் கிளாம்ப் புண்ணியத்துல மட்டும்தான். மூணு வருஷமா என் பொண்ணு உக்காந்த சீட்டுக்கு அடியில இருந்தது இதுதான். அதுல ரெண்டு தடவை ஊருக்கு, திருநெல்வேலி வரைக்கும் சுமார் 1600 கிலோமீட்டர், போயிட்டு வந்திருக்கோம். தங்கமணிகிட்ட இதை இன்னும் முழுசாச் சொல்லல. இதைப் படிச்சுத்தான் தெரிஞ்சுக்கப் போறாங்க. சாப்பாடு கிடைக்குமான்னு தெரியல.

"ஓட்டை விழுந்த இடத்துல பசை வெச்சா நிக்காதா?"

ரெண்டு கலரைப் பிசைஞ்சு ஒட்டுற பசை தண்ணித் தொட்டிக்கு ஆகும். துரு மேல எந்தப் பசையும் பிடிக்காது, துருவோட சேர்ந்து உரிஞ்சு வரும். பத்த வைக்கிறது, வெல்டிங் பண்றதுங்கிற பேச்சையே எடுக்காதீங்க. காலி டேங்க், காலிக் குழாய்னு சொல்லுவாங்க. உள்ள ஆவி இருக்கும். நிறைஞ்ச டேங்க்கை விட காலி டேங்க்தான் வெடிக்கத் தோதானது.

செப்புக் குழாய் போட்டா துருப்பிடிக்காதேன்னு ஒரு எஞ்சினியர் நண்பர் கேட்டார். துருப்பிடிக்காது. ஆனா அதிர்வுல இறுகி இறுகி விரிசல் விடும். தனிச் செம்பு பெட்ரோலைச் சீக்கிரம் பிசினாக்கவும் செய்யும். ஏசிக்குப் போடுற குழாயும், தண்ணி ஃபில்டருக்குப் போடுற பித்தளை இணைப்பும் இதுக்கு ஆகாது.

சரி, எதுதான் முறை?

ஓட்டை விழுந்த இடம் நோய் இல்ல, அது அறிகுறி. கிளிப் பிடிச்ச இடம், டேங்க் ஓரம், பின்சக்கரத்துக்கு உள்பக்கம், எங்கெல்லாம் சேறும் ஈரமும் தங்குதோ அங்கெல்லாம் துரு தின்னுக்கிட்டிருக்கும். நாலு மாச மழையும் கடல் காத்து உப்பும் உள்ள ஊர்ல ஒரு இடத்துல பொத்துக்கிச்சுன்னா, அடுத்த இடம் வரிசையில நிக்குதுன்னு அர்த்தம். அதனால ஒட்டுப் போடாம, ஒரு மூட்டிலேருந்து அடுத்த மூட்டு வரைக்கும் முழுக் குழாயையும் மாத்தணும்.

கம்பெனிக் குழாய் கிடைச்சா அதுதான் நல்லது. எனக்குக் கிடைக்கல, பாகம் நிறுத்தியாச்சுன்னாங்க. குர்லா சிஎஸ்டி ரோடு பழைய சாமான் கடைகள்ல தேடினேன். கிடைச்சதெல்லாம் இன்னொரு வண்டியில கழட்டினது, அதே வயசு, அதே துரு. கடைசியில பிரேக் குழாய் வளைச்சுக் கொடுக்கிற ஒரு பட்டறையில, பண்டி டியூப்னு கடைக்காரங்க சொல்ற ரெட்டைச் சுவர் இரும்புக் குழாய், துத்தநாகப் பூச்சோட, பழைய குழாயை மாதிரி வெச்சு வளைச்சு வாங்கினோம். திருகி இணைக்கிற முனை எல்லாம் கருவி வெச்சு ரெட்டையா மடிச்சு விரிச்சது. ரப்பர் ஹோஸ் மாட்டுற முனையெல்லாம் புடைப்பு எழுப்பினது, அப்பத்தான் ஹோஸ் நழுவாது.

ஹோஸ் தவிர்க்க முடியாத இடத்துல, அதோட மேல எஸ்ஏஈ ஜே30 ஆர்9-னு அச்சடிச்சிருக்கான்னு படிச்சுப் பாத்து வாங்கணும். ஆர்7-னு இருந்தா அது சுமார் 50 பிஎஸ்ஐக்கு, கார்புரேட்டர் வண்டிக்கு. ஆர்9 சுமார் 100 பிஎஸ்ஐ தாங்கும், உள்சுவர் வேற ரப்பர், இஞ்செக்‌ஷன் வண்டிக்குன்னே செஞ்சது. டேங்க்குக்கு உள்ள முங்கிக் கிடக்கிற ஹோஸுக்கு அதுவும் ஆகாது, அதுக்கு ஆர்10-னு தனியா இருக்கு. கிளாம்ப்பும் பல்லு இல்லாத, ஓரம் மடிச்ச, இஞ்செக்‌ஷன் வண்டிக்கான கிளாம்ப்பா இருக்கணும். புது வண்டிகள்ல நைலான் குழாயும் சொடுக்கு இணைப்பும் வருது. அதுக்கு அதே ஜாதி இணைப்புதான் போடணும், ரப்பரைத் திணிக்கக் கூடாது.

கடைசியா, எங்க ஆள் காட்டினப்ப எனக்கு வேர்த்துப் போன விஷயம். பெட்ரோல் குழாய்க்குப் பக்கத்துலயே, அதே கிளிப்புல, பின்சக்கரத்துக்குப் போற பிரேக் குழாயும் போகுது. அதே மழை, அதே சேறு, அதே வயசு. அதுவும் பொரிஞ்சிருந்துது. பெட்ரோலாவது வாடை கொடுத்துக் கூப்பிட்டுச்சு. பிரேக் குழாய் கூப்பிடாது, ஒருநாள் மிதிக்கும்போது பெடல் தரைக்குப் போகும். அதையும் சேர்த்து மாத்தினேன். எல்லாம் சேர்த்து 9,200 ரூபாய், மூணு நாள். பெட்ரோல் திரும்புற குழாய், ஆவி போற குழாய் ரெண்டும் உங்க வண்டியில இருந்தா அதையும் பாக்கச் சொல்லுங்க.

நானே பண்ணிக்குவேன்னு சொல்றவங்களுக்கு

நம்மாளுங்கள்ல கைவேலை தெரிஞ்சவங்க நிறைய. தடுக்க மாட்டேன், ஆனா சிலதைச் சொல்லாம விட மாட்டேன்.

ஒழுகுற வண்டியை மெக்கானிக் வரைக்கும் ஓட்டிக்கிட்டுப் போகாதீங்க. டோ பண்ணுங்க.

வேலை திறந்தவெளியில. ஸ்டில்ட்டுக்குக் கீழ கூடாது, சர்வீஸ் பள்ளத்துக்குள்ள கூடவே கூடாது. ஆவி பள்ளத்துலதான் தேங்கும், நீங்களும் அங்கதான் நிப்பீங்க.

எஞ்சின் முழுசா ஆறணும். அப்புறம் அழுத்தத்தை இறக்கணும். ஒழுக்கு இல்லாத வண்டியில, பெட்ரோல் பம்ப்போட ஃபியூஸைக் கழட்டிட்டு ஸ்டார்ட் பண்ணி, தானா அணைய விடுறது வழக்கம். ஒழுகுற வண்டியில எஞ்சினையே ஓட்டக் கூடாது. ஃபியூஸைக் கழட்டி, பல மணி நேரம் நிறுத்தி வெச்சு, டேங்க் மூடியைத் திறந்து மூடி, இணைப்பைத் துணி சுத்தி மெதுவா தளர்த்தணும். அப்பவும் கொஞ்சம் பீய்ச்சும், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். அதுக்கு முன்னாடி பேட்டரியோட நெகட்டிவைக் கழட்டியிருக்கணும்.

வண்டியை ஜாக்கியில மட்டும் நிறுத்திட்டு அடியில போகாதீங்க. ஸ்டாண்ட் வெச்சு, ஆட்டிப் பாத்துட்டுப் போங்க. குண்டு பல்ப் விளக்கு வேண்டாம், உடைஞ்சா அந்த இழை போதும் பத்த வைக்க. வடியுற பெட்ரோலைத் தண்ணி பாட்டில்லயும் பெயின்ட் டப்பாவிலயும் பிடிக்காதீங்க, அதுக்குன்னு உள்ள கேன்ல பிடிங்க. பவுடர் தீயணைப்பான் கைக்கு எட்டுற தூரத்துல இருக்கட்டும், பக்கத்துல ஒரு ஆளும் இருக்கட்டும். தண்ணி ஊத்தினா பெட்ரோல் தீ மிதந்து பரவும்.

துரு எவ்வளவுன்னு பாக்க ஸ்க்ரூ டிரைவரால சுரண்டாதீங்க, அழுத்தம் இருக்கும்போது சுரண்டினா கையிலயே பொத்துக்கும்.

முடிச்சதும் சாவியை ஆன் பண்ணி ஸ்டார்ட் பண்ணாம விடுங்க, பம்ப் ரெண்டு செகண்ட் ஓடி நிக்கும். இப்படி நாலஞ்சு தடவை. ஒவ்வொரு மூட்டையும் காகிதத்தால தொட்டுப் பாருங்க. ஈரம் இல்லன்னாதான் ஸ்டார்ட் பண்ணணும், ஓடும்போதும் பாக்கணும். அடுத்த நாள் ஒரு தடவை, ஒரு 500 கிலோமீட்டர் ஓடின பிறகு ஒரு தடவை. விரிச்ச முனை பண்ற கருவி கையில இல்லன்னா, தயவு செஞ்சு இந்த வேலையில இறங்காதீங்க. அது இல்லாம முடிக்கிறதுக்குப் பேர்தான் ஒப்பேத்துறது.

எத்தனால் கதை

இப்ப இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கு. 2025-லேருந்து பங்க்ல வர்றது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது நல்லதா கெட்டதாங்கிற சண்டைக்கு நான் வரல. பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்ட்ல சொன்னது, சில பழைய வண்டிகள்ல 20,000 முதல் 30,000 கிலோமீட்டர் ஓடின பிறகு சில ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்டையும் மாத்த வேண்டி வரலாம்னு. எத்தனால் ஈரத்தை இழுக்கும், அதுக்குன்னு செய்யாத ரப்பரை உப்ப வெச்சு, கெட்டிப்படுத்திக் கெடுக்கும். பேர் இல்லாத அந்த ஒரு சாண் டியூபுக்கு இனிமே ஆயுசு இன்னும் குறைச்சல். "மூணு வருஷம் முன்னாடி போட்டது நல்லாத்தானே இருக்கு"ங்கிற கணக்கு இனிமே செல்லாது.

ஊருக்குப் போற வரைக்கும்

கடைசி வாதத்தை யாரும் சத்தமா சொல்லல. ஆனா எல்லார் மனசுலயும் அதுதான் இருந்துது. "இங்க இருக்கிற வரைக்கும் ஓடினா போதும், ஊருக்குப் போகும்போது வித்துடலாம்."

2006-ல ஒரு பெட்டியோட வந்தேன். ரெண்டு வருஷம் ஆணி புடுங்கிட்டு கோயமுத்தூருக்கோ சென்னைக்கோ மாத்திக்கிட்டுப் போயிடலாம்னு. இருபது வருஷம் ஆகுது. இந்த இருபது வருஷமும் வீட்டுல எல்லாமே "இப்போதைக்கு"தான். இப்போதைக்கு இந்தக் கட்டில். இப்போதைக்கு இந்த எக்ஸ்டென்ஷன் கார்டு, அதுல ஃப்ரிட்ஜ். இப்போதைக்கு இந்த கேஸ் டியூப், மேல போட்ட தேதி முடிஞ்சு எத்தனை வருஷமோ. நிரந்தரம்னு மனசுல இருக்கிறது ஊர்ல பாதி கட்டின வீடு. அதுக்கு டைல்ஸ் தேர்ந்தெடுக்க மூணு கடை ஏறுவோம். நாம படுத்து எழுந்திரிக்கிற வீட்டு வயரைப் பாக்க ஆள் கூப்பிட மாட்டோம்.

பொண்ணு இங்கதான் பொறந்தா. அவளுக்கு இது "இப்போதைக்கு" இல்ல, இதுதான் வாழ்க்கை. நான் தற்காலிகம்னு நினைச்சு ஓட்டுற வண்டியோட பின்சீட்டுலதான் அவளோட நிஜமான பிள்ளைப்பருவம் உக்காந்திருந்துது. குனிஞ்சு பாத்தது அவதான். நான் லிஃப்ட் பட்டனை அமுக்கப் போயிட்டேன். நாம கிளம்புற தேதியைக் கேட்டுக்கிட்டுத் துரு வேலை செய்யாது.

அண்ணாச்சி எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரிதான் போ, நீ பேசுனா நிறுத்த மாட்டே"ன்னுட்டுக் கிளம்பினார். ரெண்டு நாள் கழிச்சு ராத்திரி போன் பண்ணினார். "ஏல தம்பி, அந்த ஹோஸ் மேல ஆர் எத்தனைன்னு போட்டிருக்கணும்னே?" நான் பதில் சொல்லிட்டு, ஏன் அண்ணாச்சின்னு கேட்டேன். "ஒண்ணுமில்ல, சும்மா கேட்டேன்"னார். பின்னாடி ஒரு மெக்கானிக் மராத்தியில ஏதோ சொல்றது கேட்டுச்சு.

நீங்களும் இன்னிக்கு ராத்திரி ஒரு டார்ச்சை எடுத்துக்கிட்டுக் கீழ போங்க. எஞ்சின் ஆறினப்புறம், டேங்க் பக்கத்துல குனிஞ்சு பாருங்க, மோந்து பாருங்க. குழாய் நடுவுல ஒரு ரப்பர் துண்டு தெரிஞ்சா, அதை யார் போட்டது, எப்பப் போட்டது, அதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. ஒண்ணும் எழுதலன்னா நாளைக்கு வண்டியை எடுக்காதீங்க.

டிஸ்கி: வாட்ச்மேனுக்கு பார்க்கிங்ல ஒரு மின்விசிறி போட்டுக் கொடுத்திருக்கோம், சொசைட்டி செலவுல. அதுக்கு வயரிங் ஒழுங்கா இழுக்கணும்னு நான் அடம் பிடிச்சதுல கமிட்டிக்கு என் மேல கோவம். "இப்போதைக்கு ஒரு எக்ஸ்டென்ஷன் போட்டா போதாதா?"ன்னு கேட்டாங்க. அவ்வ்வ்வ்.